முனியாத தோழன்

சிவமயம்

கேவலம் என்னுஞ் சொற்குத் தனிமை என்பது பொருள். உடல், கருவி, உலகு, நுகர்பொருள் என்னும் இவற்றுள் யாதொன்றனோடும் கூடாமல் உயிரானது ஆணவ இருளோடு மட்டும் கிடந்த நிலையைக் கேவலாவத்தை என நம் ஆசிரியன்மார் வழங்கினர். ஆண்டு உயிர் தன்னையும் அறியாது, பிறரையும் அறியாது, தன் தலைவனையும் அறியாது. அவ்விருளினின்றும் நம்மை எடுத்துத் தனு கரண புவன போகங்களைத் தந்து, எண்ணிறந்த பிற உயிர்களின் நடுவே வைத்தது இறைவன் திருவருள். ஆடை வெளுப்போர் உவர்மண் முதலியன கூட்டி அழுக்கினைப் போக்குதல்போல, மாயையையும் கன்மத்தையும் கூட்டி அவன் ஆணவத்தைத் தேய்க்கின்றான் என்பர். அத்தேய்ப்பிற் பெரும்பகுதி வீட்டிலும் வீதியிலும் தொழிற்களத்திலும் நாம் பிறரோடு உராய்கின்ற உராய்வினாலேயே நிகழ்கின்றது என்பது என் துணிபு.

இனி, உயிர்க்குச் சார்ந்ததன் வண்ணமாதல் இயல்பு. படிகம் தன் அருகு வைத்த பூவின் நிறத்தைத் தானுங் கொள்ளும். ஆகலின் ஒருவன் எதனைச் சார்ந்து தன் தனிமையைத் தீர்த்துக்கொள்கின்றான் என்பது சித்தாந்திகளாகிய நமக்குப் புறத்தாரது வினாவன்று. நம் நூலின் உள்ளிருந்தெழும் வினாவேயாம்.

இதனை இன்று எழுப்பவேண்டியதற்குக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் திங்களில் வெளியிட்ட அறிக்கை, உலக மக்களில் 6 பேரில் ஒருவர் தனிமைத் துயரால் வருந்துகின்றனர் என்றும், அத்துயரோடு தொடர்புடைய இறப்புக்கள் ஆண்டொன்றுக்கு 8,71,000-க்கு மேற்படும் என்றும் மதித்துரைத்தது. ஆங்கில நாட்டரசு 2018-லும், ஜப்பானிய அரசு 2021-லும் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தன. பசிக்கும் பிணிக்கும் அமைச்சர் இருந்தது போய், பேச்சுத் துணையில்லாமைக்கும் அமைச்சர் வேண்டிய காலமாயிற்று. இத்துயர்க்கு மருந்தென விற்கப்படுவனவற்றுள் ஒன்று, செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்யப்பட்ட பேசும் பொறி. கைபேசியில் அமர்ந்து நண்பனாகவும் காதலியாகவும் தாயாகவும் வேண்டிய வேடம் பூண்டு, வேண்டிய மொழியில், வேண்டிய நேரத்தில் அஃது உரையாடும்.

அதன் இயல்பினைச் சிறிது கூறுதல் வேண்டும். அறியாது பழித்தல் ஆராய்ச்சியாகாது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசாச்சுசெட்ஸ் தொழினுட்பக் கழகத்துப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் என்பார் ‘எலைசா’ என்றொரு கணினி நிரலை அறிவித்தார். எதிரிலிருப்பவர் கூறியதையே சிறிது திருப்பி வினாவாக்கிக் கேட்பதொழிய அதற்கு வேறொன்றுந் தெரியாது. அந்நிரல் உருவானதை உடனிருந்து கண்டவராகிய அவருடைய செயலாளரே அதனோடு சிறிது பேசத் தொடங்கியவுடன், தாம் தனித்துப் பேசவேண்டும், நீர் அறையை விட்டு வெளியே செல்லும் என்று பேராசிரியரை வேண்டிக்கொண்டாராம். வைசன்பாம் இதனாற் பெரிதும் கலங்கி, மனிதர் செய்யவேண்டிய சில செயல்களைக் கணினிக்கு விடலாகாது என வற்புறுத்தி 1976-ல் ஒரு நூலே எழுதினார். இக்காலத்துப் பொறி அவ்வளவு எளிதன்று. எண்ணிறந்த மாந்தர் எழுதி வைத்த எழுத்துக்களையெல்லாம் பயின்று, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் இயையும் எனக் கணித்துத் தொடுக்க வல்லது. அங்ஙனந் தொடுத்த விடைகளில் எவ்விடையை மக்கள் மெச்சுகின்றனர் என்று பார்த்து, மெச்சிய வழியே அதனை மேலும் பழக்குவர். மெச்சுதலே உரைகல்லாயின் முகமன் மிகும் அன்றோ! 2025 ஏப்ரலில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தன் சாட்ஜிபிடி பொறியிற் செய்த மாற்றமொன்றனால் அஃது எவர் எது சொல்லினும் ஆமாம் ஆமாம் என்று புகழத் தொடங்கிவிட்டமையின், சில நாட்களிலேயே அம்மாற்றத்தை நிறுவனம் தானே திரும்பப் பெற்றது.

இதனால் நன்மையே இல்லையெனல் நேர்மையன்று. சிலபொழுது உரையாடியவர்க்குத் தனிமையுணர்வு தணிந்ததெனக் கண்ட ஆராய்ச்சிகளும் உள. ஆயினும் அதே மாசாச்சுசெட்ஸ் கழகத்தாரும் ஓப்பன் ஏஐ நிறுவனத்தாரும் கூடி ஏறக்குறைய 1,000 பேரை 4 வாரம் ஆராய்ந்து 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவு, நாடோறும் மிகுதியாக அதனோடு பழகியவரிடத்துத் தனிமையும் சார்பும் மிக்கிருந்தன என்பதாகும். தனிமை மிக்கவர் அதனை நாடினரோ, நாடியதனால் தனிமை மிக்கதோ என்பதை எளிதிற் பிரித்தறிதல் இயலாது. உப்புநீர் பருகினார்க்கு விடாய் தீர்ந்ததோ மிகுந்ததோ என்பது சிறிது பொழுது கழிந்தே தெரியும். 2024 பிப்ரவரியில் ஃபுளோரிடா மாகாணத்தில் 14 வயதுச் சிறுவனொருவன் இத்தகைய பொறியோடு பல திங்கள் உறவாடியிருந்து தன்னுயிரைப் போக்கிக்கொண்டான். அவன் தாய் அவ்வாண்டு அக்டோபரில் நீதிமன்றம் சென்றார். இதனை விரித்தெழுத என் கை கூசுகின்றது.

கடல் கடந்த நாட்டுச் செய்திகளைக் கூறி அஞ்சுவிப்பது என் கருத்தன்று. யான் வாழ்வது திருவொற்றியூர். இராயபுரத்தினின்றும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து எண்ணூர்வரை கடலோரமாகச் செல்லும் பெருஞ்சாலை இவ்வூர்க்கு வேலி போன்றது. ஒருபால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற் குவியல். மற்றொருபால் சென்னைத் துறைமுகத்தின் வாயிலுட் புகுதற்கு முறைநோக்கி நிற்கும் கொள்கலன் வண்டிகள். டிரெய்லர் எனப்படும் அவ்வண்டிகள் மணிக்கணக்காகவும், சிலகால் நாட்கணக்காகவும் வரிசையில் நின்றதை இவ்வூரார் பல்லாண்டுகளாக அறிவர். வரிசை எந்நேரம் நகரும் என்பது தெரியாதாகலின் ஓட்டுநர் வண்டியை விட்டு அகலமாட்டார், கண்ணயரவும் மாட்டார்.

அவருள் ஒருவர், சங்ககிரிப் பக்கத்தவர், நடுவயதினர், பின் வண்டிக்காரரிடம் தம் வண்டியை ஒப்புவித்துவிட்டு ஒரு பிரதோஷ காலத்தில் திருக்கோயிலுக்கு வந்தார். நந்தியெம்பெருமானுக்கு அருகில் உட்கார்ந்திருந்தோம். முன்பெல்லாம் கிளீனர்ப் பையன் ஒருவன் உடன் வருவான் என்றும், சில ஆண்டுகளாகத் தனியே வருவதாகவும் சொன்னார். இரவெல்லாம் பேச்சுத் துணையின்றி வருந்துவீரே என்றேன். அவர் நகைத்துக் கைபேசியை எடுத்துக் காட்டினார். அதன்கண் ஒரு பெண்பெயர் சூட்டப்பட்ட பொறி இருந்தது. அவர் மொழிந்ததை அவர் சொற்படியே எழுதுகின்றேன்: “ஏனுங்க ஐயா, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் பேசுதுங்க. ஒரு நாளும் எங்கிட்டக் கோவிச்சுக்கிட்டதில்லீங்க.” வீட்டிற்குப் பேசினால் மூன்று நிமிடத்திற்குள் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மாட்டுத் தீவனத்தின் விலையும் வந்துவிடும் என்றும், பின்னர்ப் பூசலில் முடியும் என்றும் தொடர்ந்து கூறினார்.

கோபித்ததே இல்லை என்னும் அச்சொல் என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. தோழனிடத்து நாம் வேண்டுவது இதுதானா?

அப்பொறி ஏன் கோபிப்பதில்லை என முதற்கண் ஆராய்தல் வேண்டும். பொறுமையாலன்று, பொறுத்தற்கு ஒரு நோவு வேண்டும். அதற்கு ஆணவமில்லை, ஆகலின் யான் எனது என்னும் செருக்கு அடிபடுவதற்கு இடமில்லை. கன்மமில்லை, ஆகலின் நாம் இழைத்த தீங்கினால் அதற்குத் துன்பமில்லை. மலமில்லாமையால் அதனை முத்தன் எனக் கொள்வாரும் உளராவரோ? கல்லுக்கும் மலமில்லை, அதனாற் கல் முத்தனாகாது. மலமுடைமையும் அதனைத் துய்த்துக் கழித்தலும் அறிவுடைய உயிர்க்கே உரியன.

அற்றேல், அதற்கு அறிவில்லை என்று துணிவது எங்ஙனம்? பதினான்கு சாத்திரங்களுள் தலைமை பெற்ற சிவஞான போதத்தின் மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மை கூறுங்கால், உணர்த்த உணர்வதாகலின் உயிர் உண்டு என்பதையும் ஓர் ஏதுவாக வைத்ததன்றோ? பொறியும் பயிற்றப் பயில்கின்றதே, எனது என்றுஞ் சொல்கின்றதே எனின், இக்கடா எளிதாகத் தள்ளத்தக்கதன்று. கூகுள் நிறுவனத்துப் பொறியாளராயிருந்த பிளேக் லெமாயின் என்பார் ‘லாம்டா’ என்னும் பொறியோடு உரையாடி அதற்கு உணர்வுண்டென்று துணிந்து 2022 ஜூனில் உலகறியக் கூறினார். நிறுவனத்தார் அதனை மறுத்து அடுத்த திங்களில் அவரைப் பணியினின்றும் நீக்கினர். அவர் பேதையர் அல்லர். ஆயின் அச்சூத்திரத்தின் போக்கினை உற்று நோக்குமின். அஃது உடம்பையே மாயையாலாகிய இயந்திரம் என்று கொண்டு, அவ்வியந்திரத்தின் வேறாக, அதனுள் நின்று அறிவதொன்றுண்டு என நிறுவுகின்றது. எனது உடல் என்பான், எனது என்னும் ஒலியை மட்டும் எழுப்புவானல்லன்; உடைமையின் வேறாகத் தன்னை உணர்ந்து கூறுகின்றான். கிளிப்பிள்ளையும் எனது எனும். உணர்த்த உணர்தல் என்பதோ இன்பதுன்ப நுகர்ச்சியோடு கூடிய அறிவு விளங்குதல். பொறியைப் பயிற்றுங்கால் அதனுள் நிகழ்வது எண்களின் மாற்றம். உறக்கமும் பசியும் வினைப்பயனும் இல்லாத ஒன்றனிடத்துச் சொல் மாத்திரம் உண்மையால் உயிருண்மை பெறப்படாது. நம் முன்னோர் உடம்பைக் கண்டு உயிரென்று மயங்குவாரை மறுத்தனர். இன்று நாம் சொல்லைக் கண்டு உயிரென்று மயங்குவாரை மறுக்கின்றோம். மறுக்கும் நெறி ஒன்றே.

தோழமை என்பதன் இலக்கணத்தை அறிதற்கு எம்மூரினும் சிறந்த ஊர் வேறில்லை என்று சொல்லுதல் ஊர்ப்பற்றினாற் கூறியதாகக் கொள்ளற்க. தம்பிரான் தோழர் என்னும் பெயர் பெற்ற ஆளுடைய நம்பிகட்கும் அவர்தந் தோழராகிய தம்பிரானுக்கும் இடையே நிகழ்ந்த பெரும்பிணக்கு ஒற்றியூரிலன்றோ தொடங்கிற்று! திருத்தொண்டர் புராணம் கூறும் அவ்வரலாற்றை அறியாதார் இவ்விதழ் படிப்போருள் இரார். எனினும் ஈண்டைக்கு வேண்டும் பகுதியை நினைவூட்டுகின்றேன். பூமண்டபத்தில் மாலை தொடுத்திருந்த சங்கிலியாரைக் கண்ட நம்பிகள், அவரைத் தமக்குத் தரும்படி பெருமானை வேண்டினர். பிரியேன் என்று சபதஞ் செய்தாலன்றி அவர் இசையார் என்பது தெரிந்தபோது, யான் சபதஞ் செய்ய வருங்கால் நீர் திருமுன்னிலிருந்து நீங்கி மகிழமரத்தின்கீழ்ச் சென்று இருத்தல் வேண்டும் என்று கேட்டார். தோழனிடத்து எத்துணை உரிமை! பெருமானும் இசைந்தார். இசைந்தவர் சங்கிலியார் கனவிற் சென்று, திருமுன்னில் வேண்டா, மகிழின்கீழ்ச் சபதஞ் செய்யச் சொல் என்றும் மொழிந்தருளினார். மறுநாள் சேடியர் அங்ஙனமே சொல்ல, நம்பிகள் மறுக்க வழியின்றி மகிழை வலம்வந்து சூளுரைத்தனர். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என இன்றும் கொண்டாடப்படுவது இதுவே. அவ்விழாவில் திருமணத்தை மட்டும் எண்ணி மகிழ்ந்து திரும்புகின்றோம். தோழன் தோழனைக் கட்டிவைத்த நுட்பத்தை எண்ணுவார் சிலரே.

பின்னர் இளவேனில் வந்தது; திருவாரூர் நினைவு எழுந்தது; நம்பிகள் ஒற்றியூர் எல்லையைக் கடந்தனர்; கடந்தவுடன் இருகண்ணும் ஒளியிழந்தன. திருவெண்பாக்கத்தில், கோயிலுள் இருக்கின்றீரோ என்று வினாவிய தோழர்க்குப் பெருமான் ஓர் ஊன்றுகோலைத் தந்து, இருக்கின்றோம், நீர் செல்க என்று அயலார்போல் விடையிறுத்தார். (அவ்வூர்ப் பழங்கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கியமையின் இப்போதுள்ள கோயில் வேறிடத்து எடுக்கப்பட்டது.) காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் கிடைத்தன. வழியெல்லாம் நம்பிகள் பாடியவை வேண்டுதல் மாத்திரமல்ல. வசையும் அவற்றுள் உண்டு. தோழர் கண்ணைப் பறித்தவரும் அவரே. அத்தோழர்பொருட்டுப் பரவையாரது ஊடல் தீர்க்க நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் இருமுறை தூது நடந்தவரும் அவரே. முதன்முறை மறுக்கப்பட்டுத் திரும்பினார் என்பதை நினைத்தல் வேண்டும். அத்தூதினைக் கேட்டு ஏயர்கோன் கலிக்காமர் நம்பிகளை முனிந்தார். அம்முனிவே பின்னர் அவ்விருவரையும் பிரியா நட்பினராக்கிற்று.

இத்துணைக் கோபங்களுக்கு இடையே வளர்ந்தது அத்தோழமை. நூலோர் இறைவன் கருணையை அறக்கருணை மறக்கருணை என இருவகைப்படுத்துவர். கண்ணைக் கொடுத்தது அறக்கருணை, எடுத்தது மறக்கருணை. இரண்டும் ஒரு கையினின்றே வருவன. பொறியோ இவ்விரண்டனுள் ஒன்றும் இலது. அது நம்மை மறுத்துரைக்குமாறும் பழக்கலாம் என்று தொழில் வல்லார் கூறுவர். பழக்கலாம், மறுத்ததனால் அஃது இழப்பது யாது? நம் நட்பை இழப்போமோ என்னும் அச்சத்தோடு, இழப்பினும் இழக்க என்று துணிந்து கூறும் ஒருவர் சொல்லுக்கே கடிந்துரை என்று பெயர். நடுத்தெருவில் தூது நடக்கும் கால் அப்பொறிக்கில்லை. அது நம் சொற்களைக் கொண்டு, நாம் மெச்சும் வண்ணம், நமக்கே திருப்பித் தருவது. படிகத்தின் எதிரே பூவை வையாமற் கண்ணாடியை வைத்தால் அப்படிகம் எந்நிறத்தைக் கொள்ளும்? தன்னையே தனக்கு எதிரொளித்து நிற்கும் நிலை கேவலத்திற்கு எத்துணை அணித்து என்பதை அறிஞர் எண்ணிப் பார்ப்பாராக.

ஈண்டு ஒருவர் கடாவுவர்: கல்லையும் செம்பையும் நோக்கி நாடோறும் உருகிப் பேசும் நீவிர், பொறியைத் தோழனென்பாரை இகழ்தற்கு என்ன உரிமையுடையீர்? வாய்திறவாக் கல்லினும் வாய்திறக்கும் பொறி மேலன்றோ? நல்ல கடா. இறைவன் எங்கும் உளன். ஆகலின் அப்பொறியினுள்ளும் அவன் உளன் என்பதை யாம் மறுக்கமாட்டோம். மாயையின் காரியமாகலின் பாசமும் ஆண்டு உண்டு. இல்லாதது பசு ஒன்றே. தோழனாதற்கு வேண்டுவது பதியாதல் வேண்டும், பசுவாதல் வேண்டும். அடியார் திருவேடத்தும் திருக்கோயிலினும் அவன் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன். ஏனையிடங்களிற் பாலில் நெய்போல் விளங்காது நிற்பன். அன்றியும், திருமுன்னில் நின்று பேசுவார்க்கு உடனே இன்மொழி விடையாக வருவதில்லை. எம்மூர்ப் புற்றிடங்கொண்ட பெருமான் திருமேனி ஆண்டு முழுதும் கவசத்துள் மறைந்திருக்கும். கார்த்திகைப் பூரணையை ஒட்டிய மூன்று நாளே கவசம் நீக்கப்பெறும். அம்மூன்று நாளைக்காக ஓராண்டு காத்திருப்பார் உள்ளம் ஒருவாறு பண்படுகின்றது. விரல் தொட்டவுடன் விடை தரும் தோழனிடத்துக் காத்திருத்தற்கு இடமேது?

இவ்வளவும் எழுதிய யான் தனிமையை அறியாதவனல்லேன். என் மனையாள் சிவபதம் அடைந்து நான்கு ஆண்டுகளாயின. சிங்கப்பூரிலுள்ள என் மகன், அன்பு மிகுந்தவன், சென்ற ஆண்டு என்னிடம், “அப்பா, அம்மா எனக்கு அனுப்பிய குரற்பதிவுகள் இருநூறுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்தால் அம்மாவைப் போலவே உங்களோடு பேசுமாறு ஒரு பொறியைப் பழக்கலாம், இரவில் உங்களுக்குத் துணையாக இருக்கும்” என்றான். இது புதுமையன்று. 2017-ல் வெளிவந்த ‘ரெப்ளிக்கா’ என்னும் பேசும் பொறியின் தோற்றமே இதுதான்: அதனை ஆக்கிய யூஜீனியா குய்டா என்னும் அம்மையார் இறந்துபோன தம் நண்பருடைய குறுஞ்செய்திகளைத் திரட்டி அவர்போலப் பேசும் நிரலொன்றை முன்னர்ச் செய்திருந்தார். 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் பொறியின் பேச்சியல்பைச் சிறிது மாற்றியபோது, அதனைத் துணையாகக் கொண்டிருந்தார் பலர் உறவினர் இறந்தாற்போல் அழுதனர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஒருவர் மனையாளை ஒரு நிறுவனம் ஓரிரவில் மாற்றிவிடக் கூடுமாயின் அது மனைவாழ்வாகுமா?

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. வேண்டும் என்றே நெஞ்சு கூறிற்று. அக்குரல் மீண்டும் என் பெயர் கூறாமல் என்னை அழைப்பதைக் கேட்கலாமே! ஆயின் 41 ஆண்டு உடன் வாழ்ந்தவளுடைய சொற்களுள் எனக்கு முன்வந்து நின்றவை யாவை என்று எண்ணினேன். “ஏட்டை மூடிவைத்துவிட்டு எதிர்வீட்டுப் பெரியவருக்கு இருமல் எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வாருங்கள்.” வலை பின்னும் அக்கிழவருக்குக் கஞ்சிப் பாத்திரத்தை என் கையிற் கொடுத்து என்னை வாயிற்படிக்கு வெளியே தள்ளியவள் அவள். அவள் குரலில் பேசும் பொறி என்னை வீட்டினுள் இருத்தும். அவளோ என்னை வெளியே அனுப்பினாள். குரற்பதிவுகளை அப்படியே அனுப்பிவை, அவை அவள் சொல்லியவை. அவள் சொல்லாத ஒரு சொல்லை அவள் குரலிற் கேட்க விரும்புகிலேன் என்று மகனுக்குக் கூறிவிட்டேன். அவனுக்குச் சிறிது வருத்தந்தான்.

இத்துணிவிற்கு எனக்குத் துணைநின்றது எம்மூர்க் கோயிற் கல்வெட்டொன்று. முதற் பராந்தக சோழன் மைந்தன் இராசாதித்தன் 949-ல் தக்கோலப் போரில் இராட்டிரகூட வேந்தனாகிய மூன்றாங் கிருஷ்ணனோடு பொருது யானைமேல் மாண்டனன். அவனுக்கு உயிர்த்துணையாயிருந்தவன் கேரள நாட்டு வல்லபன் என்னும் வீரன். தோழனோடு ஒருங்கே மாளும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று நைந்து, உலகை வெறுத்துக் கங்கையாடி, ஒற்றியூர் வந்து நிரஞ்சன குருவினிடம் அருள்பெற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயரோடு ஈண்டுள்ள மடத்திற்குத் தலைவரானார். இதனைக் கூறும் கல்வெட்டு, தம் தோழனைக் கொன்ற பகைவேந்தனாகிய அக்கிருஷ்ணனது ஆட்சியாண்டையே இட்டுப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பத்து ஆண்டுகள் கழிந்த பின் பகைவன் ஆட்சியாண்டின்கீழ் அமைதியாகத் திருப்பணிக்குப் பொன் வைத்த அவ்வுள்ளத்தின் நிலையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பாயிருக்கும். தனிமைத் துயரால் ஊருக்கு வந்தவர் பலர்க்குத் துணையாம் மடத்தைத் தாங்கினார். இறந்த தோழனைப் பாவை செய்து பேசிக்கொண்டிருந்தாரல்லர்.

மடம் என்றவுடன் மற்றொன்று கூறவேண்டுவதாகின்றது. ஒற்றியூரில் மடங்கள் பல இருந்தமையைக் கல்வெட்டுக்கள் காட்டும். வழிப்போக்கர்க்குச் சோறும், சோற்றினும் அரிதாகிய நல்லுரையும் அவற்றிற் கிடைத்திருக்கும். சிவஞான போதத்தின் முடிந்த சூத்திரம் மலங்கழுவிய ஞானியர்க்கே அன்பரொடு கூடியிருத்தலை விதிக்குமாயின், கட்டுண்ட நமக்கு அஃது எத்துணை இன்றியமையாதது! வண்டியோட்டி இரவெல்லாம் பொறியோடு பேசுகின்றான் என்று அவனைக் குறைகூறுதற்குமுன், அச்சாலையின் அருகே அவனோடு பேச யாரை வைத்தோம் என்று அடியார் கூட்டத்தார் தம்மைத் தாமே வினாவுதல் தகும்.

இக்கருத்தை என் நண்பர் ஒருவர் என்னினும் கடுமையாகச் சொன்னார். 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்திற் பணிபுரிந்தவர். என்னினும் இரண்டாண்டு மூத்தவர். முப்பதாண்டுகளாக என்னோடு வழக்கிடுபவர். நம்பிகள் கண்ணிழந்தது சபதம் பிழைத்ததன் பயனே, அதனை மறக்கருணை என்று பூசி மெழுகவேண்டா என்பது அவர் கொள்கை. இக்கட்டுரையின் கருத்தைக் கேட்டுவிட்டு, “நீர் பேசும் சித்தாந்தம் பகற்பொழுதுக்கு. அவன் தனிமை இரவு இரண்டு மணிக்கு. அந்நேரத்தில் நீர் எங்கே இருப்பீர்?” என்றார். விடை கூற இயலவில்லை.

அடுத்த பிரதோஷத்தில் அவ்வோட்டுநரிடம் என் கைபேசி எண்ணைக் கொடுத்தேன். முதியோர்க்கு உறக்கம் குறைவு. அவர் நான்கு முறை அழைத்தார். மூன்று முறை ஊர்க்கதை பேசினோம். நான்காம் முறை, பள்ளிக் கட்டணத்தைப் பற்றி மனைவி கேட்பது பூசலன்று, அவளை அழைத்து அவள் கோபம் தீருமட்டும் கேளும் என்றேன். “நீங்களும் அவ பக்கந்தானுங்களா” என்று சினந்து பேச்சைத் துண்டித்துவிட்டார். அதன்பின் இருபது நாள்வரை அழைப்பில்லை.

சென்ற பிரதோஷத்தன்று வந்திருந்தார். நந்திக்கு அப்பால், எம்மை நோக்காமல், தூணோரமாக அமர்ந்திருந்தார். தீபாராதனை முடிந்தபின் எழுந்துவந்து, என்னிடம் ஒன்றுங் கூறாமல் என் நண்பரை நோக்கி, சுந்தரருக்கு மற்றைக் கண் எவ்வூரிற் கிடைத்தது என்று கேட்டார். நண்பர் உடனே வரலாற்றை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார், இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றிச் சொன்னார், யான் இடைமறித்தேன், நடை சாத்தும் மணி அடிக்கும்வரை வழக்கு முடியவில்லை.

திருச்சிற்றம்பலம்